சொல்லும் பூட்டும்: செம்மங்குப்பம் ரயில்வே கேட்டும் கொள்முதல் அளவுகோலும்

கடலூரிலிருந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் தடத்தில், ஆலப்பாக்கத்துக்கு முன்னால் இருக்கிறது செம்மங்குப்பத்தின் 170ஆம் எண் கேட். 2025 ஜூலை 8ஆம் தேதி காலை அங்கே பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியதில் மூன்று மாணவர்கள் இறந்தனர். கேட் கீப்பர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டுக் கைதானார். இத்தகைய விபத்துகளை ‘மனிதத் தவறு’ என்று வகைப்படுத்தி, பயிற்சியையும் கண்காணிப்பையும் மருந்தாகச் சொல்லும் ஆய்வு மரபு ஒன்று நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த வகைப்பாடு இந்த வழக்குக்குப் பொருந்துமா என்பதே என் ஐயம்.

ஐயத்துக்குக் காரணம், அன்றே தெற்கு ரயில்வே வெளியிட்ட விளக்கம். கேட்டை மூடத் தொடங்கியபோது வேன் ஓட்டுநர் கடந்துபோக வற்புறுத்தினார்; கேட் கீப்பர் விதியை மீறி அனுமதித்தார் என்றது அது. கேட் திறந்தேதான் கிடந்தது என்று ஊர்த் தரப்பு மறுத்தது. பிறகு நடந்த விவாதம் முழுவதும் இவ்விரண்டில் எது உண்மை என்பதைச் சுற்றியே வந்தது. குற்றப்பொறுப்பை நிர்ணயிக்க அந்தக் கேள்வி இன்றியமையாதது. வடிவமைப்பை ஆராய்பவருக்கு, இரண்டு கூற்றுகளும் ஒருசேர ஒத்துக்கொள்ளும் செய்திதான் முக்கியம். பாதி மூடிய கேட்டில் வேனை விட்டிருந்தாலும், கேட்டை மூடவே மறந்திருந்தாலும், ரயில் வருவதற்கு அது தடையாக இருக்கவில்லை. ரயில்வேயின் விளக்கத்தை அதன் சொற்படியே ஏற்றுக்கொண்டாலும், ஒரு மனிதரின் இரக்கமோ தயக்கமோ தவிர வேறெந்தப் பூட்டும் அங்கே இல்லை என்பதை அது தானாகவே ஒப்புக்கொள்கிறது.

விபத்தின்போது செம்மங்குப்பம் இன்டர்லாக்கிங் செய்யப்படாத கேட்டாக இருந்தது. இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில், கேட் மூடிப் பூட்டப்படாமல் சிக்னல் பச்சைக்கு மாறாது. மாறிய பிறகு வழக்கமான முறையில் கேட்டைத் திறக்கவும் முடியாது. ஜான் சாக்ஸ்பி 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற கருத்தின் வழித்தோன்றல் அது. இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் அந்த இடத்தை நிரப்புவது தொலைபேசி. ஸ்டேஷன் மாஸ்டர் ரயில் வருவதைச் சொல்வார். கேட் கீப்பர் மூடிவிட்டதாகச் சொல்லி, தன் தாளிலிருந்து ஒரு ‘பிரைவேட் நம்பர்’ தருவார். பேச்சு நடந்தது என்பதற்கு அந்த எண் சான்று. மரத்துண்டோ இரும்புக் கம்பமோ இறங்கியது என்பதற்கு அது சான்றாகாது.

இந்த வேறுபாட்டை உலகம் ஒருமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1979 மார்ச் 28 அன்று, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ, மூடுவதற்கான கட்டளை போனதை மட்டும் காட்டியது. பணியாளர்கள் அதை வால்வின் நிலை என்று நம்பினார்கள். அதன் பிறகுதான் அந்நாட்டு அணு ஒழுங்குமுறை அமைப்பு கட்டுப்பாட்டு அறைகளின் வடிவமைப்பை மறுஆய்வு செய்யச் சொல்லி, அதற்கான வழிகாட்டியையும் வெளியிட்டது. பிரைவேட் நம்பரும் அந்த விளக்கைப் போன்றதே: சொல்லைக் காட்டும், பொருளின் நிலையைக் காட்டாது.

எந்த கேட்டுக்கு எந்தக் கருவி என்பதை முடிவுசெய்யும் அளவுகோல் எது? டி.வி.யு. எனப்படும் ரயில்–வாகன அலகு. 24 மணி நேரத்தில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளால் பெருக்கினால் வருவது அது. மோட்டார் வாகனம் ஒரு அலகு, மாட்டுவண்டியும் ஒரு அலகு. விபத்துக்கு மறுநாள் ரயில்வே அமைச்சகம், இன்டர்லாக்கிங்குக்கான வரம்பை 20,000 டி.வி.யு.விலிருந்து 10,000 ஆகக் குறைத்தது. பல கேட்டுகள் இதனால் பாதுகாப்பு பெறும். அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் வரம்பு மாறியதே ஒழிய அளவுகோல் மாறவில்லை. குழந்தைகள் நிறைந்த வேனும் வெற்று வேனும் அதன் கணக்கில் ஒன்று. காலை ஏழரை மணி நெருக்கடி ஒரு நாளின் பெருக்கத்தொகைக்குள் கரைந்துவிடுகிறது. கேட் கீப்பர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார், எந்த மொழியில் பேசுகிறார், வாகன ஓட்டிகளின் கூச்சலைத் தனியாளாக எதிர்கொள்கிறாரா என்பவற்றுக்கு அதில் கட்டமே இல்லை. போக்குவரத்தை எண்ணப் பிறந்த அலகிடம் மனிதச் சுமையை அளக்கும் வேலையைத் தந்திருக்கிறோம்.

குரல்பதிவுகளை நாள்தோறும் சரிபார்க்கும் உத்தரவும், கேட்டுகளில் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் உத்தரவும் அப்போதே வந்தன. அவை விசாரணைக்கு உதவும். வண்டி வரும் கணத்தில் கேட்டை இறக்காது.

எல்லா கேட்டுகளுக்கும் இன்டர்லாக்கிங் வேண்டும் என்றால், அத்தகைய கேட்டிலும் அவசரச் சாவி உண்டே என்பார்கள். உண்டுதான்; அங்கே அது விதிவிலக்கு, இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் பூட்டின்மையே விதி. ரயில்கள் தாமதமாகும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. கேட்டை மூட முடியாதபோது சிக்னல் சிவப்பிலேயே நிற்கும், ரயிலும் நிற்கும். அந்தத் தாமதத்தை விளைவாகப் பார்க்காமல் தேவையாகவே விவரக்குறிப்பில் எழுத வேண்டும் என்பது என் வாதம். கருவி தவறினாலும் மனிதர் தவறினாலும், இழப்பு கால அட்டவணையின் மேல் விழ வேண்டும். லக்னோவிலுள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி, தரநிலை அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. கேட் கருவிகளுக்கு வகுக்கும் தரநிலைகளில் கம்பத்தின் நீளமும் மோட்டாரின் திறனும் மட்டும் போதாது. தொலைபேசியில் தரப்படும் உறுதி கேட்டின் உண்மை நிலையோடு மின்சுற்றால் பிணைக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி, டி.வி.யு. எண் எவ்வளவு சிறியதானாலும், ஒவ்வொரு கேட்டுக்கான ஒப்பந்தப்புள்ளியிலும் முதல் வரியாக இடம்பெற வேண்டும்.