தலைகாத்த பழம்பொருள்கள்

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. அப்பழமொழி சொல்லுக்குச் சொல் உண்மையான இடம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. நெவாடா, அரிசோனா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில் கொலராடோ ஆற்றை மறித்து நிற்கும் ஹூவர் அணைக்கட்டே அவ்விடம்.

அங்கு வேலை தொடங்கிய 1931ஆம் ஆண்டு, பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். கூலி கிடைப்பதே அரிதாயிருந்தமையால், ஆபத்தைக் காரணங்காட்டி வேலையை விட்டுச் செல்லத் துணிந்தவர் சிலரே. செங்குத்தான மலைச்சுவரிலே கயிற்றில் தொங்கியவாறு தொழிலாளர் தளர்ந்த பாறைகளைப் பெயர்த்து வீழ்த்தினர். மேலிருந்து வீழும் கல், கீழே நிற்போருக்கு எமனாயிற்று. அப்பொழுது அவர்களுட் சிலர் தாம் அணிந்த துணித்தொப்பிக்கு நிலக்கரித் தாரைப் பூசி, அதனை இறுகவைத்து அணியத் தொடங்கினர். கல்லடி பட்ட சிலருக்குத் தாடையெலும்பு முறிந்தது. ஆயினும் மண்டையோடு முறியவில்லை. பயனைக் கண்ட ஒப்பந்தக்காரர் பின்னர் ஆயிரக்கணக்கில் வன்தொப்பிகளைத் தருவித்தனர். பாதுகாப்பு அங்கே மேலிடத்து ஆணையாகப் பிறக்கவில்லை. தொழிலாளியின் தார்ச்சட்டியிலே பிறந்தது.

தொழிற்சாலையிற் செய்த வன்தொப்பி அதற்கு முன்னரே இருந்ததென்பதும் கருதத்தக்கது. முதலாம் உலகப் போரிலிருந்து மீண்ட புல்லார்ட் என்பவர், போர்வீரர் அணிந்த உருக்குக் கவசத்தை மனத்திற்கொண்டு, 1919ஆம் ஆண்டிற் சுரங்கத் தொழிலாளர்க்கென ஒரு தொப்பியை அமைத்தார். கித்தான் துணியை நீராவியில் அவித்து, பசையிட்டு இறுக்கி, கறுப்பு வர்ணம் பூசியமையால், அதனை ‘அவித்த வன்தொப்பி’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அழைத்தனர். எனினும், பொருள் கண்டுபிடிக்கப்படுதல் வேறு. அதனை வேண்டியவன் தலையிற் சேர்த்தல் வேறு. நியூயோர்க் நகரத்து எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்த 1930, 1931ஆம் ஆண்டுகளில் லூயிஸ் ஹைன் பிடித்த புகைப்படங்களிலே, வானளாவும் உருக்குச் சட்டங்களின்மீது நிற்போர் சாதாரணத் துணித்தொப்பியுடனேயே காணப்படுகின்றனர்.

இந்நிலையை மாற்றிய வேலைத்தலங்களுள் ஒன்று, 1933 முதல் 1937 வரை சன் பிரான்சிஸ்கோவில் எழுந்த கோல்டன் கேற் பாலம். அதன் தலைமைப் பொறியியலாளர் ஜோசப் ஸ்ட்ராஸ், வன்தொப்பி அணிவதைக் கட்டாயமாக்கினார். கண்கூசாத கண்ணாடிகளும் வழங்கப்பட்டன. பாலத்தின் கீழே 130,000 டொலருக்கு மேற்பட்ட செலவிற் கயிற்றுவலை ஒன்று விரிக்கப்பட்டது. அவ்வலையில் வீழ்ந்து உயிர்தப்பிய 19 பேர், தம்மை ‘நரகத்துக்குப் பாதிவழிச் சங்கத்தார்’ என வேடிக்கையாக அழைத்துக்கொண்டனர். ஆயினும் 1937 பெப்ரவரி 17ஆந் திகதி சாரம் ஒன்று அறுந்து வலையையுங் கிழித்து வீழ, 10 பேர் மாண்டனர். காவற்பொருள் எதுவும் மரணத்தை முற்றாக வென்றதில்லை என்பதற்கு அந்நாள் சான்று.

இத்தகைய வேலைத்தலங்களில் வழங்கிய தொப்பி, கண்ணாடி, இடைவார், சுவாசக் கவசம் ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்போர் இன்று உளர். அவர்களது முயற்சி சிறக்க வேண்டுமாயின், மூன்று செய்திகளை அவர்கள் மறத்தலாகாது.

முதலாவது, பழைமை மட்டும் வரலாறு ஆகாது. 1930களிற் செய்யப்பட்ட தொப்பி யாவும் ஹூவர் அணையில் இருந்தவை அல்ல. விற்போன் வாய்ச்சொல் சான்றாகாது. தொழிலாளியின் பெயர், இலக்கத் தகடு, குடும்பத்தார் வைத்திருந்த புகைப்படம், கூலிச்சீட்டு ஆகியவற்றுள் ஒன்றேனும் உடனிருத்தல் வேண்டும். பொருளையும் அதன் கதையையும் பிரிப்பவர், இரண்டையும் இழப்பர்.

இரண்டாவது, பழுதைப் பழுதென எண்ணித் திருத்தலாகாது. உச்சியிலுள்ள பள்ளம், உரிந்த வர்ணம், உட்பட்டியிற் படிந்த வியர்வைக் கறை ஆகியவையே அப்பொருளின் எழுத்துக்கள். மினுக்கிப் புதுவர்ணம் பூசுபவர், ஏட்டைச் சுரண்டி எழுத்தை அழிப்பவரை ஒப்பர். அன்றியும், நாட்பட்ட தோலும் கித்தானும் வலுவிழந்தவை. 1938ஆம் ஆண்டில் வந்த அலுமினியத் தொப்பியோ மின்சாரத்தைக் கடத்துவது. எனவே அவை பேழையில் இருக்கத்தக்கனவேயன்றி, மீண்டும் தலையில் ஏறத்தக்கன அல்ல.

மூன்றாவது செய்தியே தலையாயது. தொழிற்சாலை முத்திரை பொறித்த தொப்பியை எவரும் இனங்கண்டு பேணுவர். தார் பூசிய துணித்தொப்பியிலோ முத்திரை இல்லை; அழகும் இல்லை. குப்பையென வீசப்படுதற்கு எளியது அதுவே. ஹூவர் அணையின் வேலையிலே 96 பேர் உயிரிழந்தனர் என்பது அரசாங்கக் கணக்கு. இறந்தோர் தொகைக்கு ஏடு உண்டு. தாரும் துணியுங்கொண்டு தம்மைக் காத்துக்கொண்டோர் தொகைக்கு ஏடு இல்லை; அவர்கள் விட்டுச்சென்ற கறுத்த தொப்பியே அவர்களது ஏடு.

அணையைப் பார்ப்போர் அதன் 726 அடி உயரத்தை வியப்பர். அவ்வுயரத்தின் அடியில் நின்றவன் எதை அணிந்து நின்றான் என்று வினவுவோருக்கு விடையாக, அத்தொப்பி எஞ்சியிருத்தல் வேண்டும்.