பின்னணி என்னும் பட்டியல்

1835 ஜூன் 3ஆம் தேதி, பிரான்ஸில் நார்மண்டிக் கிராமம் ஒன்றில், பியேர் ரிவியேர் என்ற இருபது வயதுக் குடியானவன் தன் தாயையும் தங்கையையும் தம்பியையும் வெட்டிக் கொன்றான். 1924 மே 21ஆம் தேதி, சிகாகோவில் லியோபோல்ட், லோப் என்ற இரு மாணவர்கள் பதினான்கு வயதுப் பையனைக் கொன்றார்கள். ஒருவனுக்கு வயது 19, மற்றவனுக்கு 18.

இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கக் காரணம், இன்று சகஜமாகிவிட்ட ஒரு பட்டியல்: வறுமை, சிதைந்த குடும்பம், அடி உதை, படிப்பின்மை. ரிவியேர் வீட்டில் பெற்றோருக்குள் சொத்து விஷயமாக ஓயாத சண்டை. தகப்பனை மீட்கவே கொன்றதாகச் சிறையில் அவனே எழுதினான். 1973இல் ஃபூக்கோ குழுவினர் பதிப்பித்தது இந்தப் பிரதியைத்தான். ஆனால் அதே சண்டைக்குள் வளர்ந்த அவனுடைய மற்ற உடன்பிறப்புகள் யாரையும் கொல்லவில்லை. சிகாகோ இளைஞர்களோ பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். லோப் பதினேழு வயதில் பட்டம் பெற்றவன். லியோபோல்ட் பறவைகளை ஆராய்ந்தவன், நீட்ஷே படித்தவன்.

அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் 1899இல் சிகாகோவில்தான் ஏற்பட்டது. அதையொட்டி 1909 முதல் குற்றச் சிறுவர்களைத் தனித்தனியே ஆராய்ந்தவர் வில்லியம் ஹீலி. குற்றத்துக்கு ஒற்றைக் காரணம் தேடுவது வீண், ஒவ்வொருவனிடமும் காரணங்கள் வேறுவிதமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பது 1915இல் வெளிவந்த அவர் நூலின் சாரம். 1924இல் பிரதிவாதிகள் தரப்பில் சாட்சி சொன்ன மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

இரு வழக்கிலும் மருத்துவர்கள் முரண்பட்டார்கள். ரிவியேரைப் பைத்தியம் என்று எஸ்கிரோல் முதலிய பாரிஸ் மருத்துவர்கள் சொல்ல, மரண தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று. 1840இல் சிறையில் தூக்கிட்டுக்கொண்டான். சிகாகோ நீதிபதி கேவர்லி மருத்துவ விளக்கங்களில் சாயவில்லை. வயதை முன்னிட்டே உயிரை விட்டுவைத்தார். பதினெட்டு நிரம்பாதவர் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2005இல். அந்தக் கோட்டுக்குள் இம்மூவரில் ஒருவரும் வர மாட்டார்கள்.

பட்டியல் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது, கொல்வது தனியாள். அதே பட்டியலோடு பிறந்த பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை. ஆனாலும் ஏழை மகன் கொன்றால் அதைப் 'பின்னணி' என்கிறோம், பணக்காரன் மகன் கொன்றால் 'புதிர்' என்கிறோம். இந்தப் பாரபட்சம்தான் என்னை உறுத்துகிறது. பின்னணி தண்டனையைக் குறைக்கப் பயன்பட்டால் அது கருணை. குற்றம் நடக்கும் முன்பே ஒரு தெருப் பிள்ளைகள் மேல் ஒட்டப்பட்டால் அது தீர்ப்பு.