சேதுபதி ஹைஸ்கூல் தமிழ்ப் பண்டிதர்

மதுரைச் சேதுபதி ஹைஸ்கூல் என்றவுடன், 1904-ம் வருஷம் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை அங்கே தமிழ் கற்பித்த சுப்பிரமணிய பாரதியாரே நம் ஞாபகத்துக்கு வருகின்றார். அது நியாயமே. ஆயினும் அந்த உத்தியோகம் தாற்காலிகமானது. சோழவந்தான் அரசஞ்சண்முகனார் விடுமுறையிற் சென்றமையால் நேர்ந்தது.

1868-ல் பிறந்த சண்முகனார், ஈற்றிலிருந்து திருப்பிப் படிப்பினும் மாறாத செய்யுட்களால் "மாலைமாற்று மாலை" என்னும் நூலை இளமையிலேயே இயற்றியவர். சொல்வித்தையோடு நின்றாரல்லர். தொல்காப்பியப் பாயிரத்துக்குச் "சண்முக விருத்தி" என்னும் விரிவுரை வகுத்து 1905-ல் வெளியிட்டார். இத்தகைய பேரறிஞர் பள்ளிச் சிறுவர்க்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தார் என்பதை எண்ணுந்தோறும், அச்சிறுவர்மீது நமக்குச் சற்றே பொறாமையும் உண்டாகின்றது! 1915-ல் அவர் காலஞ்சென்றபோது வயது ஐம்பதும் நிரம்பவில்லை.

சில மாதமே இருந்தவரை நாடறியும். பதவிக்குரியவரை அறிந்தோர் சிலரே. கவிஞருக்குப் பாட்டிருக்கின்றது, வகுப்பறையில் ஆசிரியர் சொன்னவையோ கேட்ட மாணாக்கரோடு மறைந்தன. நம்மவர் குடும்பங்களில், அக்காலத்து அப்பள்ளியிற் படித்த பாட்டனார், பூட்டனார் சொல்லக் கேட்ட செய்தியோ, அவர்தம் பழைய நோட்டுப் புத்தகமோ இருப்பின், சங்கக் காரியதரிசிக்கு அன்புகூர்ந்து தெரிவிப்பீர்களாக.