செக் எஞ்சின் விளக்கு: காரணம் அறியும் முறை

செக் எஞ்சின் விளக்கு என்பது, காரின் எஞ்சினிலோ புகைக் கட்டுப்பாட்டு அமைப்பிலோ கோளாறு நேர்ந்ததை டிரைவருக்குத் தெரிவிக்க டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் நிறச் சின்னம். சாவியைத் திருப்பியதும் இது எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி திருப்பும்போது எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். பழைய கார் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

நச்சுப் புகையால் திணறிய கலிஃபோர்னியாவில் 1988 மாடல் கார்களிலிருந்து, எஞ்சின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வசதி கட்டாயமானது. 1996இல் ஓ.பி.டி. 2 என்ற பொதுமுறை அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. எந்தக் கம்பெனி கார் ஆனாலும் ஒரே 16 முனை சாக்கெட், ஒரே குறியீட்டு வரிசை என்பது அதன் பெரிய நன்மை. இந்தியாவில் பி.எஸ். 4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓ.பி.டி.யின் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த கார்களில் அந்த சாக்கெட் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும்.

திருவனந்தபுரம் வலியசாலையில் இந்த விளக்கு எரியக் காரணங்கள் பல உண்டு. காந்தளூர் சிவன் கோயிலை ஒட்டிய இந்தப் பழைய தமிழ் அக்கிரகாரத்தில் வீடுகள் தெருவை ஒட்டி, சுவரோடு சுவராக நிற்பவை. ஷெட் கட்ட இடமில்லாத வீட்டுக் கார் தெருவில்தான் நிற்கும். இடவப்பாதி, துலாவர்ஷம் என இரண்டு மழைக்காலமும் அதன் மேல்தான் பெய்யும். பக்கத்திலேயே சாலைக் கடைவீதி. அரிசியும் பருப்பும் உள்ள இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. இரவில் சூடாக இருக்கும் பானட்டுக்குள் அது ஏறி சென்சார் ஒயரைக் கடித்துவிட்டால் காலையில் விளக்கு எரியும். ஆகவே அந்த சாக்கெட்டில் மாட்டிக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைத் தேடும் முன் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது இங்கே வீண் வேலை ஆகாது.

விளக்கு நிலையாக எரிந்தால், வண்டியின் ஓட்டத்தில் மாற்றம் தெரியாதவரை, மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுவதே சரி. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது என்று அதற்குப் பொருள்; அந்தச் சூட்டில் கன்வெர்ட்டரின் உட்பகுதி உருகிவிடும். பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசிய பாகம் அது, விலை அதிகம்.

அடுத்தது குறியீடு. கார் வைத்திருப்போர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். எந்த அளவு எல்லை மீறியது என்பதை மட்டுமே குறியீடு சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பது அதில் இல்லை. பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். அதற்கு பிளக், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என எதுவும் காரணமாகலாம். மழைக்காலத்தில் காயில் உறையில் ஈரம் இறங்குவதும் உண்டு. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள எஞ்சினில் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது: முதல் சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை முதலில் மாட்டி ஓட்டுவது. மறுபடி வரும் குறியீடு பி 0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. பி 0301 ஆகவே நின்றால் காயிலை விட்டுவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம்.

பி 0171 இன்னும் நுட்பமானது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டிருக்கிறது. தூய பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் 14.7 பங்கு காற்று தேவை. ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு அந்த விகிதத்துக்காக எரிபொருளைக் கூட்டிக் குறைப்பதற்கு ஃபியூவல் ட்ரிம் என்று பெயர். ஸ்கேனரில் இது சதவீதமாக ஓடும். ஐடிலில் நிற்கும்போது அதிகமாக இருந்து, 2500 ஆர்.பி.எம்.முக்கு ரேஸ் செய்ததும் இயல்புக்கு வந்தால், வெடித்த ரப்பர் குழாய் வழியே காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம். மாறாக, மேடேறும்போது மோசமானால் ஃபியூவல் பம்பையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது, உண்மை சொன்னவனையே தண்டிப்பது போல. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குக் காற்று குறைவாகவே வேண்டும் என்பதால் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்ட நேர்கிறது. முன்பே பம்ப் தளர்ந்த பழைய கார் இதனால் எல்லையைத் தாண்டக்கூடும்.

பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்பது அமெரிக்காவிலிருந்து வந்த யோசனை. அங்கே ஆவிக் கசிவைச் சோதிப்பது கட்டாயம். இந்திய விதிகள் ஐரோப்பிய வழியைப் பின்பற்றுவதால், நம் கார்களில் அது பெரும்பாலும் பலிப்பதில்லை.

பி.எஸ். 6 டீசல் கார்களுக்கு வேறொரு சங்கடம். புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் அதைச் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சுத்தமாக வேண்டும். வலியசாலையிலிருந்து கிழக்கேகோட்டை வரை ஊர்ந்து போய்த் திரும்பும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை. முதலில் ஃபில்டருக்கான தனி விளக்கு எரியும். அப்போதே ஈஞ்சக்கல் வழியாகக் கழக்கூட்டம் பைபாஸில் ஏறி, தடையின்றிச் சீரான வேகத்தில் சிறிது தூரம் ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதைப் பொருட்படுத்தாவிட்டால் செக் எஞ்சின் விளக்கும் சேர்ந்துகொள்ளும், எஞ்சின் சக்தி குறையும், பிறகு ஒர்க்‌ஷாப்தான்.

குறியீட்டை உடனே அழித்துவிடுவது எளிது, ஆனால் தவறு. கோளாறு பதிவான கணத்தில் இருந்த வேகம், ஆர்.பி.எம்., கூலண்ட் சூடு எல்லாம் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பெயரில் கம்ப்யூட்டரில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் அந்தத் திரையை ஃபோனில் படம் எடுத்து மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்த காலை வேளையா, மேடேறிய நேரமா என்று அவர் அதிலிருந்தே பிடித்துக்கொள்வார். கோளாறு சரியானபின் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அது திரும்ப வராவிட்டால் விளக்கு தானாகவே அணையும். பதிவான குறியீடோ எஞ்சின் 40 முறை சூடேறி ஆறும்வரை நினைவகத்தில் இருக்கும்.