வில்சனுக்குச் சென்ற சென்னைக் கடிதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராக 1913 முதல் 1921 வரை விளங்கியவர் உட்ரோ வில்சன். அவர்தம் வரலாற்றில் தமிழர்க்கு உரிய பகுதி ஒன்று உண்டு. நம் தீவுகளையும் அது தொட்டுச் செல்கின்றது.

வில்சன் 1856ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். பேராசிரியராய்ப் பணிபுரிந்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராய் உயர்ந்து, நியூஜெர்சியின் ஆளுநராகிப் பின்னர் நாட்டின் தலைமையை எய்தினார். 1917 ஏப்ரலில் முதல் உலகப் போரில் இறங்கியபோது, மக்களாட்சிக்காகவும் சிறு நாடுகளின் உரிமைக்காகவுமே அமெரிக்கா போரிடுகின்றது என்று முழங்கினார்.

அம்முழக்கத்தைச் சென்னையில் ஒருவர் உள்ளபடியே நம்பினார். அவர்தாம் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர். மதுரையில் 1842இல் பிறந்து, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகி, அங்கே தலைமை நீதிபதிப் பொறுப்பையும் தற்காலிகமாக ஏற்ற முதல் இந்தியர். 'மணி ஐயர்' என்றால் அந்நாளில் அறியாதார் இலர். தன்னாட்சி வேண்டி அன்னி பெசன்ட் அம்மையார் தொடங்கிய ஹோம் ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவராயிருந்தார். 1917 ஜூனில் அம்மையாரை அரசாங்கம் உதகையில் காவலில் வைத்தது. அம்மாதம் 24ஆம் நாள், 74 வயது முதியவராகிய ஐயர், வில்சனுக்குக் கடிதம் எழுதினார். இந்தியாவுக்குத் தன்னாட்சி அளிப்பதாக உடனே வாக்களித்தால், மூன்று மாதத்தில் ஐம்பது லட்சம் பேரையும், அடுத்த மூன்று மாதத்தில் மேலும் ஐம்பது லட்சம் பேரையும் போர்முனைக்குத் தரும் என்று அதில் உறுதி கூறினார். இத்தொகை மிகை என்றே தோன்றுகின்றது. ஆயினும், ஓய்வூதியம் பெறும் நீதிபதி ஒருவர் அயல்நாட்டுத் தலைவருக்கு இவ்வாறு எழுதத் துணிந்தது சிறு செயலன்று. ஹாட்ச்னர் என்னும் தம்பதியர் கடிதத்தைக் கையோடு அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றனர்.

1918இல் செய்தி பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு எட்டியது. இந்தியா மந்திரி மாண்டேகு, மானக்கேடான கடிதம் எனச் சாடினார். ஐயர் மன்னிப்புக் கோரவில்லை. 'சர்' பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்துவிட்டார். பட்டங்களுக்காகப் பெரிய மனிதர்கள் தவங்கிடந்த காலம் அது!

வில்சன் யாது செய்தார்? 1918 ஜனவரியில் அவர் வெளியிட்ட பதினான்கு அம்சங்களுள் குடியேற்ற நாட்டு மக்களின் நலனைப் பற்றி ஓர் அம்சம் உண்டு. இந்தியாவின் பெயர் அதில் இல்லை. அதே மாதங்களில், அமெரிக்கவாழ் இந்தியர் நம் விடுதலைக்கென அமைத்த கதர் கட்சியினரை, அவருடைய அரசாங்கமே சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டனை வாங்கித் தந்தது. அக்கட்சியின் முதல் தலைவர் சோஹன் சிங் பக்னா, லாகூர் சதி வழக்கில் தண்டிக்கப்பட்டு, அப்போது இங்கே போர்ட் பிளேயர் செல்லுலார் சிறையில் கிடந்தார்.

போருக்குப்பின் வில்சன் அரும்பாடுபட்டுச் சர்வதேச சங்கத்தை அமைத்தார். அவருடைய நாட்டுச் செனட் சபையோ அதனை ஏற்க மறுத்தது. 1919 அக்டோபரில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. 1921 மார்ச்சில் பதவியினின்று நீங்கினார். அவ்வாண்டிலேயே பக்னா அந்தமானிலிருந்து கோயமுத்தூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். 1924 பிப்ரவரியில் வில்சன் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் மணி ஐயரும் மறைந்தார்.