கித்தாக் காட்டிலிருந்து கூடுதல் கணிதம் வரை

மூன்றாம் படிவத்தை முடிக்கும் பிள்ளை ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டுகிறான். அடுத்த ஆண்டு எந்தெந்தப் பாடங்களைப் படிக்கப் போகிறான் என்று அதில் குறிக்க வேண்டும். பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். 'மாத்தமாத்திக் தம்பாஹான்' என்று அதில் ஒரு வரி இருக்கும். தமிழில் கூடுதல் கணிதம். பிள்ளைகள் வாயில் 'எட் மேத்ஸ்'. "அது ரொம்பக் கஷ்டமாம்பா, வேண்டாம்" என்கிறான் பிள்ளை. "சரிப்பா, உன்னால் எது முடியுமோ அதை எடு" என்று தகப்பனார் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பரிவோடு போட்ட கையெழுத்துத்தான். ஆனால் பொறியியல் படிப்புக்குப் போகும் வழிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கையெழுத்தில் அடைபட்டுப் போகின்றன என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

அந்தக் கணிதம் நம் வீட்டு வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தது, அதைப் படிக்கப் போகும் பிள்ளையிடம் அது எதை எதிர்பார்க்கிறது என்பதை இன்றைய உரையில் காண்போம்.

மலாக்கா, மலாயாவின் இரப்பர்த் தொழிலுக்குத் தாய்வீடு எனலாம். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி எத்தனையோ தோட்ட முதலாளிகளிடம் கித்தா விதையை நீட்டியும் பலர் சிரித்துவிட்டுப் போனார்கள். கேட்டு நடந்தவர் மலாக்காவின் டான் சே யான். அவர் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் முதல் கித்தாத் தோட்டத்தைப் போட்டார். அடுத்துப் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். காடு விரிந்ததும் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆட்களோடு பிள்ளைகளும் வந்தார்கள்.

1912ஆம் ஆண்டில் கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. மலாக்கா அப்போது நீரிணைக் குடியேற்றங்களில் ஓர் அங்கம். பின்னர் இங்கும் அதே ஏற்பாடு வந்தது. பள்ளி என்றால் பெரும்பாலும் ஓர் அறைதான். பல இடங்களில் கிராணியாரோ, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ ஆசிரியர். சில வகுப்புகளோடு படிப்பு முடிந்துவிடும். கணக்கு என்று சொல்லிக் கொடுத்தது வாய்ப்பாடும் கூட்டல் கழித்தலும். எத்தனை நாள் வேலை, எத்தனை பவுண்டு பால், முன்பணம் எவ்வளவு பிடித்தம் என்று கணக்கிடத் தெரிந்தால் போதும் என்பதே அன்றைய எண்ணம். அதற்கு மேல் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குக் கணிதம் தேவைப்படும் என்று நிர்வாகமும் நினைக்கவில்லை, அரசாங்கமும் நினைக்கவில்லை. அந்தக் குறைந்த எதிர்பார்ப்பு சட்டத்திலிருந்து மறைந்து நெடுநாளாகியும் நம் பேச்சிலிருந்து இன்னும் முற்றாகப் போகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சுதந்திரத்தை ஒட்டி 1956இல் ரசாக் அறிக்கை வந்தது. 1957இல் கல்விச் சட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளி தேசியக் கல்வி முறைக்குள் இடம் பெற்றது. ஆறாம் ஆண்டு வரை தமிழில் படிப்பு, அதன்பின் புகுமுக வகுப்பில் ஓராண்டு, பிறகு முதல் படிவம். 1960களின் நடுப்பகுதியில் இடைநிலைப்பள்ளிக்கான நுழைவுத் தேர்வு நீங்கியதும், மூன்றாம் படிவம் வரையாவது ஏறிச் செல்ல வழி பிறந்தது.

படி வந்ததே தவிர, படிக்கும் படிக்கும் நடுவில் ஓர் இடைவெளியும் வந்தது. நம் பிள்ளை 'பின்னம்' என்று கற்றான். இடைநிலைப்பள்ளியில் அதுவே 'பெச்சாஹான்' ஆனது. கல்லூரிக்குப் போனால் 'பிராக்ஷன்'. ஒரே பொருளுக்கு மூன்று பெயர். 1970இல் தொடங்கி ஆங்கிலப்பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. 2003இல் கணிதமும் அறிவியலும் தமிழ்ப்பள்ளியிலேயே முதலாம் ஆண்டிலிருந்து ஆங்கிலத்தில் வந்தன. 2009இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவாகி, மீண்டும் தமிழ் வந்தது. இன்றும் இருமொழித் திட்டத்தில் நடக்கும் பள்ளிகள் உண்டு. எந்த மொழி நல்லது என்று வாதாட இந்த உரையில் இடமில்லை. ஆனால் முதல் படிவத்தில் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குப் பல வேளைகளில் கணக்குத் தெரியாமலில்லை, கேள்விதான் புரிவதில்லை என்பதை எங்களைப் போன்ற தோட்டத்து ஆசிரியர்கள் நன்கறிவோம். ஆறாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் ஒரு சிறு நோட்டில் தமிழ்ச் சொல்லையும் மலாய்ச் சொல்லையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்துக்கொண்ட பிள்ளைகள் அந்தத் தடுமாற்றத்தை விரைவில் கடந்துவிடுகிறார்கள்.

இனி, கூடுதல் கணிதத்துக்கே வருவோம். அதன் உள்ளே என்னதான் இருக்கிறது? நான்காம் படிவத்தில் சார்பு, இருபடிச் சமன்பாடு, அடுக்கு, மடக்கை, தொடர், ஆயத்தொலை வடிவியல், வெக்டர், முக்கோணத் தீர்வு ஆகியவை. ஐந்தாம் படிவத்தில் வட்ட அளவை, முக்கோணவியல், அதோடு நுண்கணிதத்தின் வாசல். பெயர்களைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இதில் ஒரு பகுதியைத் தோட்டத்தில் நாள்தோறும் கையால் செய்து வந்தவர்கள் நம் தாய்மார்கள்.

பால்மரத்தின் பட்டையில் வெட்டுக்கோடு போடுவதை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி, வலப்பக்கம் சரிந்து, மரத்தின் பாதிச் சுற்றோடு நிற்கும். ஒட்டுக்கட்டிய மரத்தில் சரிவு ஏறத்தாழ 30 பாகை. (பால்குழாய்கள் மரத்தில் நேராக நிற்காமல் சற்றே சாய்ந்து ஓடுவதால், இந்தப் பக்கமாகச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். இதை ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்கள். கத்தி பிடித்த கைகளுக்கு வேறு விதமாகத் தெரியும்.) மரத்தின் சுற்றளவு 50 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாதிச் சுற்று 25. அந்தப் பட்டையை மரத்திலிருந்து உரித்து மேசையில் விரித்தால், வளைந்து ஓடிய வெட்டுக்கோடு நேர்கோடாகிவிடும். நம் முன் ஒரு செங்கோண முக்கோணம் கிடக்கும். அடிப்பக்கம் 25, கோணம் 30 பாகை. வெட்டு எவ்வளவு கீழே இறங்குகிறது? 14.4 செண்டிமீட்டர். வெட்டின் நீளம்? 28.9 செண்டிமீட்டர். முக்கோணவியல் என்பது இதுதான்.

மரம் பருத்துச் சுற்றளவு 60 ஆனால் வெட்டின் நீளம் 34.6 ஆகிறது. சுற்றளவு மாற மாற நீளமும் ஒரு விதிப்படி மாறுகிறது. அந்த விதிக்குத்தான் சார்பு என்று பெயர். சுற்றளவு ஒரு செண்டிமீட்டர் கூடும்போது வெட்டு 0.58 செண்டிமீட்டர் நீள்கிறது. இது எப்போதும் அதே அளவு. ஆனால் மரம் பருப்பது அப்படியல்லவே. இளமரம் வேகமாகப் பருக்கும். பால் எடுக்கத் தொடங்கியபின் வேகம் குறையும். ஆண்டுக்கு ஆண்டு மாறும் அந்த வேகத்தை ஒரு குறிப்பிட்ட நாளில் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால், சாதாரணக் கணக்குப் போதாது. அங்கேதான் நுண்கணிதம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் படிக்கும் அத்தனையும் அந்த வாசலுக்குப் போகும் பாதை.

இந்தப் பாதையை யாரோ வெள்ளைக்காரர் வெட்டினார் என்று எண்ணிவிட வேண்டாம். ஆரியபட்டர் 499ஆம் ஆண்டில் அரை நாண்களின் அட்டவணையைத் தந்தார். அவருடைய 'ஜ்யா' என்ற சொல் அரபு நாட்டுக்குப் போய் உருமாறி, அங்கிருந்து லத்தீனுக்குப் போய்த் தவறாக மொழிபெயர்க்கப்பட்டு, 'சைன்' என்று நம் பிள்ளைகளின் கணிப்பானில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கணிதம் என்றதும் நம்மவர் சொல்லும் பெயர் இராமானுஜம். "அவர் பள்ளிப் படிப்பில்லாமலே மேதையானார்" என்று சிலர் பேசக் கேட்கிறோம். அது சரியன்று. 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர் நன்றாகவே பள்ளியில் படித்தவர். பதின்மூன்று வயதளவில் லோனி எழுதிய முக்கோணவியல் நூலைக் கற்றுத் தேர்ந்தார். 1903இல் அவர் தேறிய தேர்வின் பெயரும் மெட்ரிகுலேஷன்தான். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அங்கேதான் இடறினார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களை விட்டுவிட்டார். ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை; 1907இல் மீண்டும் எழுதியும் தேறவில்லை. பின்னர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு 1913இல் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும், 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானதும் உலகறிந்த செய்தி. ஆயினும் நடுவே கழிந்த அந்த ஆண்டுகளின் வறுமையை நாம் மறந்துவிடக் கூடாது. கோடியில் ஒருவருக்கு ஒரு ஹார்டி கிடைத்தார். நம் பிள்ளைக்குக் கல்லூரியின் விதிதான் விதி. இங்கும் எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமானால் மலாய்மொழியில் தேற வேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். கூடுதல் கணிதத்தில் ஏ வாங்கிய பிள்ளை வரலாற்றில் தவறினால் சான்றிதழே கைக்கு வராது.

இன்று மலாக்காவில் இருக்கும் வழிகளைப் பாருங்கள். மஸ்ஜித் தானாவுக்கு அருகே லொண்டாங்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் தோன்றிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரி, 2007இல் முழுப் பல்கலைக்கழகமாகி, துரியான் துங்காலில் நிற்கிறது. மெர்லிமாவில் பாலிடெக்னிக் உண்டு. ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதும் வழியும் உண்டு. அது 2012 முதல் மூன்று பருவங்களாக நடக்கிறது. மெட்ரிகுலேஷனில் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்று 2012இல் அரசாங்கம் அறிவித்தது. எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ பெற்ற எல்லா இனத்தவருக்கும் இடம் உண்டு என்று 2024இல் அறிவித்தது. இடங்களைப் பற்றி நம் சமூகத்தில் நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். இடம் கிடைத்த பிள்ளை அங்கே போய் என்ன செய்கிறான் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அங்கே பெரும்பாலோருக்கு இரண்டே பருவங்கள். பாடம் ஆங்கிலத்தில். எண் தொகுதி, சமனிலி, தொடர், அணி, சார்பு என்று வேகமாகக் கடந்து, முதல் பருவத்திலேயே எல்லையும் வகையிடலும் வந்துவிடும். பெரிய மண்டபத்தில் விரிவுரை நடக்கும். விரிவுரையாளர் ஒரு கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டுவார். மீதியைப் பயிற்சி வகுப்புக்கு வருமுன் நாமே செய்துகொண்டு போக வேண்டும். செய்யாமல் போகும் பிள்ளைக்கு அந்த மணி நேரம் வீண். இயற்கணிதம் கையில் தடையின்றி ஓட வேண்டும். அடைப்புக்குறியை நீக்குவதற்கும் பின்னங்களைக் கூட்டுவதற்கும் யாரும் காத்திருக்கமாட்டார்கள். அவை முதல் மூன்று படிவங்களில் கற்றவை. கூடுதல் கணிதத்தில் திணறும் பிள்ளைகளில் பலர் புதிய பாடத்தில் திணறுவதில்லை. இரண்டாம் படிவத்துக் கணக்கில் திணறுகிறார்கள்.

அறிவியல், கலை என்று பிரிவு பிரித்த பழைய முறை 2020இல் மாறிப் பாடத் தொகுப்புகள் வந்தன. ஆகையால் "கூடுதல் கணிதம் இந்தத் தொகுப்பில் இருக்கிறதா?" என்று பள்ளியில் கேட்டு அறிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் அதை எடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தொழிற்கல்விக்கும் கணக்கியலுக்கும் வேறு கதவுகள் உண்டு. ஆனால் கஷ்டம் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக விடுவது வேறு. வேறொன்று வேண்டும் என்று தெரிந்து விடுவது வேறு.

பெற்றோர்களில் சிலர், "எங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாதே, வீட்டில் எப்படி உதவுவது?" என்று கேட்கிறார்கள். கணக்குத் தெரிய வேண்டியதில்லை. அன்று செய்த கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். பக்கம் நிறைந்திருக்கிறதா, விடை மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். தாள் வாங்கக் காசில்லாத இராமானுஜம் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்து வைத்தார். அவற்றுக்கு நிரூபணம் தேடும் வேலை அவருக்குப் பின் வந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் நீடித்தது. தேர்வுத் தாளைத் திருத்துபவருக்கு அவ்வளவு பொறுமை இராது. ஒவ்வொரு படிக்கும் அவர் புள்ளி வைத்திருக்கிறார். கடைசி விடை தவறினாலும், படிகள் சரியாக இருந்தால் புள்ளி கிடைக்கும். ஆகவே டியூஷனுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தை ஒதுக்கி, மாதந்தோறும் ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்கிக் கொடுங்கள்.