ரிங்கு (திரைப்படம்)

ஹிடியோ நகாட்டா இயக்கி 1998-இல் வெளிவந்த ஜப்பானியத் திகில் படம். கோஜி சுசுகியின் நாவலை (1991) ஒட்டி ஹிரோஷி தகாஹாஷி திரைக்கதை எழுதினார். ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தவர்கள் ஏழே நாளில் இறக்கிறார்கள். காரணத்தைத் தேடிப்போகும் பத்திரிகையாளர் ரெய்கோவும் (நனாகோ மட்சுஷிமா) அதைப் பார்த்துவிடுகிறார். நாவலில் ஆணாக இருந்த பாத்திரத்தை ஒரு சிறுவனின் தாயாக மாற்றியதே படத்தின் பெரும் பலம். மகனும் கேசட்டைப் பார்த்த பிறகு, தன் உயிரைவிடப் பெரிய கவலை அவரைப் பிடித்துக்கொள்கிறது.

ரத்தக்களரி இதில் கிடையாது. பயத்தின் பாதியைக் கென்ஜி கவாய் அமைத்த ஒலியே சுமக்கிறது. உச்சக் காட்சியில், தொலைக்காட்சிக்குள் தெரியும் கிணற்றிலிருந்து பெண் பேயான சடாகோ ஏறி வந்து, திரையைத் தாண்டி அறைக்குள் தவழ்கிறாள். சடாகோவாக நடித்த ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படமெடுத்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். அந்த நடையில் ஏதோ பிசகு தெரியும், என்னவென்று பிடிபடாது. முகம் மறைக்கும் கருங்கூந்தலும் வெள்ளை உடையும் ஜப்பானியப் பேய்க்கதை மரபில் வந்தவை.

தென் கொரியாவில் 1999-இலும், அமெரிக்காவில் கோர் வெர்பின்ஸ்கி இயக்கத்தில் 2002-இலும் மறுஆக்கம் கண்டது. அமெரிக்கப் படம் நேர்த்தியானதுதான். ஆனால் நகாட்டா சொல்லாமல் விட்ட பலவற்றை அது விளக்கிவிடுகிறது.